பணம் இல்லை என்ற பல்லவி தோட்டத்துக்கு மட்டுந்தானா?

சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்பது ஊவா மாகாணத்துக் காரியாலயங்களில் இந்நாட்களில் ஓயாது ஒலிக்கும் பழமொழியாகிவிட்டது. தோட்டத்துப் பாதைக்குக் கல்லும் தாரும் கேட்டாலும், பீலித் தண்ணீரை லயத்துக்குக் கொண்டுவரக் குழாய் கேட்டாலும், பிள்ளைமடுவத்துக் கூரைக்குத் தகடு கேட்டாலும் விடை ஒன்றே. நாடு கடனில் மூழ்கிற்று. 2022 ஏப்ரல் 12 ஆம் நாள் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்த இயலாது என்று அரசாங்கமே கையை விரித்தது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தின் நிபந்தனைகளை ஏற்று ஏறத்தாழ 300 கோடி டொலர் கடனுக்கு உடன்பட்டது. ஆகவே சபைகளிடம் பணம் இல்லை, பொறுத்திருங்கள் என்கிறார்கள்.

நாம் இப்பழமொழியை மறுக்க வரவில்லை. சட்டி வெறுமையாயிற்று என்பது மெய். நாம் கேட்பது வேறு. சட்டி நிறைந்திருந்த நாட்களில் அகப்பை எப்பக்கம் நீண்டது? பதுளையிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் கொஸ்லாந்தையிலும் வாழும் மலைநாட்டுத் தமிழன் எந்தக் காலத்தில் அந்த அகப்பையின் முகத்தைக் கண்டான்?

இதற்கு விடை தேட நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் போதும். 1937 ஆம் ஆண்டிலே கிராமச் சபைகள் பற்றிய சட்டம் திருத்தப்பட்டபோது, தோட்டத்தில் வாழும் தொழிலாளிக்கு அச்சபைகளில் வாக்கு இல்லை என்று ஆக்கினார்கள். 1947 இல் பாராளுமன்றத் தேர்தலில் வாக்குக் கிடைத்தபோது பதுளைத் தொகுதி இலங்கை இந்தியக் காங்கிரஸின் எஸ். எம். சுப்பையாவைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. அதற்கு மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. 1949 இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 இல் இரண்டு அரசாங்கங்கள் ஓர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு மக்களைத் தலைகளாக எண்ணிப் பங்கு போட்டுக்கொண்டன. 1988 ஆம் ஆண்டிலும் 2003 ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட சட்டங்களின் பின்னரே நாடற்றவர் என்ற பெயர் முற்றாக ஒழிந்தது.

இவற்றை நம் வாசகர் அறிவர். ஆயினும் 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்திலே பதுங்கிக் கிடந்த 33 ஆம் பிரிவைப் படித்த நம்மவரிலும் பலர் அறியார். அப்பிரிவு தோட்டத் தொழிலாளருக்கென அமைந்த குடியிருப்புகளைக் கிராமங்களிலிருந்து தனியே பிரித்து, அவற்றுக்குச் சபை சேவை செய்வதை நிபந்தனைகளால் கட்டிப் போட்டது. சபையின் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட்டால் கணக்காய்வாளர் ஆட்சேபிப்பார் என்ற அச்சத்தில் தவிசாளர்கள் அதைத் தடையென்றே வாசித்தனர். செயலாளர்கள் தடையென்றே எழுதினர். 1991 இல் முதன்முதல் பிரதேச சபைத் தேர்தல் நடந்தது தொட்டு, தோட்டத் தமிழன் வரிசையில் நின்று வாக்களித்தான். அவன் வாக்கினால் வந்த உறுப்பினர் சபையில் அமர்ந்தார். அந்த உறுப்பினர் தம்மை அனுப்பிய லயத்துக்கு ஒரு மின்விளக்கு மாட்டக் கேட்டால் சட்டம் இடங்கொடாது என்றார்கள். முன்னே வாக்கில்லாமல் வைத்தார்கள். பின்னே வாக்கைக் கொடுத்து வாக்கின் பயனை எடுத்துக்கொண்டார்கள். எது பெரிய அநியாயம் என்று நிறுத்துப் பார்க்கத் தராசு நம்மிடம் இல்லை.

31 ஆண்டுகள் இந்நிலை நீடித்தது. 2018 இல் சட்டம் திருத்தப்பட்டு, பிரதேச சபைகள் தோட்டங்களுக்கும் சேவை செய்யலாம் என்றாயிற்று. மலைநாட்டில் வெடி கொளுத்தினார்கள்; மாலை போட்டுக்கொண்டார்கள்; இதைக் கொண்டுவந்தவர் நானே என்று மேடைக்கு மேடை உரிமை பாராட்டினார்கள். கொண்டுவந்தவர் எவராயினும் வாழ்க. ஆனால் அதன் பின் நடந்தது யாது? 2020 இல் கொள்ளைநோய் வந்து ஊரை அடைத்தது. 2021 இல் இரசாயன உரத்துக்குத் தடை போட்டு, வெலிமடையின் உருளைக்கிழங்கையும் ஊவாவின் தேயிலையையும் ஒரே அடியில் வீழ்த்தினார்கள். 2022 இல் திறைசேரி விழுந்தது. 2023 மார்ச் 19 ஆம் நாளோடு சபைகளின் ஆயுளே முடிந்தது. கதவைத் திறந்த வீட்டில் ஐந்தாண்டு ஆகுமுன்னர் வீட்டுக்காரரே இல்லாமற் போனார்.

வீட்டுக்காரர் இல்லாமற் போனதற்கும் காரணம் பணமே என்றார்கள். 2023 மார்ச் 9 ஆம் நாள் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தலுக்கு அந்த ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலே பாராளுமன்றம் 1,000 கோடி ரூபா ஒதுக்கியிருந்தும், திறைசேரி அதைக் கொடாமல் வைத்திருந்தது. உயர் நீதிமன்றம் 2024 ஆகஸ்டில், இது பிரஜைகளின் அடிப்படை உரிமைகளை மீறிய செயல் என்று தீர்ப்பளித்தது. 2025 மே 6 ஆம் நாளே தேர்தல் நடந்தது. இடைப்பட்ட இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகச் சபைகளைச் செயலாளர்களும் ஆணையாளர்களும் நடத்தினர். பஞ்ச காலத்தில் எதை வெட்டுவது, எதைக் காப்பது என்று தீர்மானிக்க வேண்டிய அதே காலத்தில், அதைத் தட்டிக் கேட்கும் பிரதிநிதி ஒருவரும் இல்லை. செல்வம் உள்ள நாளில் சபை தேவை, இல்லாத நாளில் தேவையில்லை என்பது எந்நாட்டு ஜனநாயகம்? பங்கிடப் பொருள் குறையும்போதன்றோ பங்கிடும் இடத்தில் எல்லோரும் இருக்க வேண்டும்!

மாகாண சபையின் கதை இதைவிடக் கேடு. ஊவா மாகாண சபைக்கு 2014 செப்டெம்பர் 20 ஆம் நாள் தேர்தல் நடந்தது. 2019 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அதன் பின் ஆறு ஆண்டுகள் கழிந்தும் மறு தேர்தல் இல்லை; ஆளுநரும் அதிகாரிகளுமே மாகாணத்தை நடத்தினர். தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் அனுப்புவதும், மாகாண வைத்தியசாலைக்கு மருந்து அனுப்புவதும், பிரதேச சபைகளுக்கு மானியம் பிரித்துக் கொடுப்பதும் அந்த மாகாண நிர்வாகத்தின் கையில்தான். ஒரு முழுப் பாடசாலைத் தலைமுறை, தன் பாடசாலையின் வரவு செலவைப் பற்றி ஒரு பிரதிநிதி ஒரு சபையில் எழுந்து கேட்டதைக் காணாமலே வளர்ந்துவிட்டது.

இனி வரவு செலவுத் திட்டம் என்ற புத்தகத்தைத் திறப்போம். பிரதேச சபைக்கு வருவாய் எங்கிருந்து வருகிறது? அபிவிருத்தியடைந்த பகுதி என்று பிரகடனம் செய்த இடங்களின் ஆதன வரி, சந்தைக் கடை வாடகை, வியாபார அனுமதிக் கட்டணம், ஏக்கர் வரி, காணி கைமாறும்போது வரும் முத்திரைத் தீர்வை, நீதவான் மன்றத்துத் தண்டப்பணம், மேலிடத்து மானியம். இந்த வரிசையில் தேயிலை மலையின் பங்கு என்ன என்று பாருங்கள். லயத்துக்கு ஆதன வரி இல்லை. தோட்டக் காணி அரசாங்கத்தின் சொத்து. 1972 ஆம், 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் அரசுடைமையாகி, 1992 இல் பிராந்தியக் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போய், பின்னர் 2045 வரை நீளும் குத்தகையாயிற்று. அந்தக் காணி கைமாறுவதில்லை. ஆகவே முத்திரைத் தீர்வை இல்லை. கம்பனி கட்டும் குத்தகைப் பணம் கொழும்புக்குப் போகிறது. கொழுந்து பறிக்கப்பட்ட பிரதேசத்துச் சபைக்கு அதில் ஒரு சதமும் உரிமையாக வருவதில்லை. மலை முழுவதும் பசுமை. அம்மலையைச் சூழ்ந்த சபையின் பெட்டியோ வரட்சி. தேயிலை சூழ்ந்த சபைகள் ஏழைச் சபைகளாயிருப்பது விதியின் செயலன்று, வரிச் சட்டத்தின் செயல்.

இத்தகைய சபைக்குப் பஞ்சம் வந்தால் என்ன நடக்கும்? சம்பளத்தை வெட்ட முடியாது. லொறிக்கும் டிராக்டருக்கும் எண்ணெய் வேண்டும். தெருவிளக்கின் மின்கட்டணம் கட்ட வேண்டும். மிஞ்சுவது சொற்பம். அந்தச் சொற்பத்துக்கு ஒரு விதி சொல்கிறார்கள்: புதிய வேலை ஒன்றும் தொடங்காதே, உள்ளதைப் பராமரித்தாற் போதும். கேட்பதற்கு எவ்வளவு நியாயமாயிருக்கிறது! இனம் பாராத, கட்சி பாராத, கணக்கு மட்டும் பார்க்கும் விதி போலத் தோன்றுகிறது. ஆனால் ‘உள்ளது’ என்பது யாருக்கு உள்ளது? கிராமத்துப் பாதை சபையின் பாதைப் பதிவேட்டில் இருக்கிறது. ஆகவே அதன் குழியை மூடுவது பராமரிப்பு. தோட்டத்துப் பாதை பதிவேட்டிலே ஏறவேயில்லை. ஆகவே அதே அளவுக் குழியை மூடுவது புதிய வேலை! கிராமத்துப் பொதுக்கிணற்றைத் துப்புரவு செய்வது பராமரிப்பு. லயத்துப் பீலிக்கு மேலே இடிந்த தண்ணீர்த் தொட்டியைக் கட்டுவது புதிய வேலை. நூலகத்துக்குப் பத்திரிகை வாங்குவது பராமரிப்பு. நூலகமே காணாத தோட்டத்துக்கு ஒரு வாசிகசாலை புதிய வேலை. 31 ஆண்டுகளாகச் சட்டத்தைக் காட்டி ஒன்றும் கொடாதிருந்தவர்கள், இப்போது ஒன்றும் கொடுக்கப்படாததையே காட்டி ஒன்றும் கொடோம் என்கிறார்கள்.

நாம் இதை அதிகாரிகளின் துவேஷம் என்று சொல்லவில்லை. துவேஷம் இருந்தால் அதனோடு போராடுவது எளிது. ஒரு நல்ல அதிகாரி, சுற்றறிக்கையை ஒரு எழுத்துப் பிசகாமல் பின்பற்றியே இந்த அநியாயத்தைச் செய்து முடிக்க முடிகிறது என்பதுதான் இதன் கொடுமை.

பொறுப்பைத் தட்டிக்கழிப்பதற்கும் தோட்டத்தைப் போல் வாய்ப்பான இடம் வேறில்லை. சபையிடம் போனால், அது கம்பனியின் பாதை. கம்பனியிடம் போனால், தேயிலை விலை விழுந்தது, கூலி ஏறிற்று, குடியிருப்பு எங்கள் வேலையன்று, மனிதவள அபிவிருத்தி நிதியத்தைக் கேளுங்கள். நிதியத்திடம் போனால், அமைச்சு பணம் அனுப்பினால் செய்வோம். அமைச்சிடம் போனால், உள்ளூர்ப் பாதை உள்ளூராட்சியின் விடயமன்றோ! செழிப்பான நாளில் ஒரு சுற்று. பஞ்ச நாளில் இரண்டு சுற்று.

இது வெறும் அலைச்சலோடு முடிந்தால் பொறுக்கலாம். கொஸ்லாந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் முடிந்தது எப்படி? அம்மலை சரியக்கூடியது, மக்களை அகற்றுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மாற்றுக் காணி கொடுக்க வேண்டியவர் யார், வீடு கட்டப் பணம் போடுபவர் யார் என்ற கேள்விக்கு விடை இல்லை. லயங்களை மண் மூடிய பிறகே விடை கிடைத்தது. 2016 இல் மகல்தெனியாவில் 75 வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். மண் சரியுமுன் இல்லாத காணி, மண் சரிந்த பின் எங்கிருந்து வந்தது? 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையில் மீண்டும் மலை இறங்கிற்று. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாடு முழுவதும் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். மிகுந்த அழிவைக் கண்ட மாவட்டங்களுள் பதுளையும் ஒன்று. வடிகானைத் துப்புரவு செய்யவும், சரிவுக்கு அணை கட்டவும், ஆபத்தான லயத்தை இடம் பெயர்க்கவும் வேண்டிய செலவைச் சிக்கனம் என்ற பெயரில் தள்ளிப்போட்டால், அச்செலவு மறைந்துவிடுவதில்லை. அது பிணமாகவும் நிவாரணமாகவும் திரும்பி வருகிறது. அப்போது அது பன்மடங்கு. வீடு இழந்தவர் இழப்பீடு கேட்டு நிற்கையில் உறுதி எங்கே என்று கேட்டால், ஐந்து தலைமுறை குடியிருந்த லயக் காம்பராவுக்கு எந்த உறுதியைக் காட்டுவது?

எங்கள் வரிப் பணத்தைத் தோட்டத்துக்கு ஏன் இறைக்க வேண்டும் என்று கிராமத்து விவசாயி கேட்பதாகச் சிலர் கிளப்பிவிடுகிறார்கள். விவசாயி கேட்கிறாரோ இல்லையோ, அவர் பெயரால் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு நம் மறுமொழி இது. 2022 நடுப்பகுதி வரை நூற்றுக்கு 8 ஆயிருந்த பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் நூற்றுக்கு 18 ஆயிற்று. கொழுந்துக் கூடையைச் சுமக்கும் பெண் கடையில் வாங்கும் வரிக்குரிய பண்டம் ஒவ்வொன்றிலும் அவ்வரியைக் கொடுக்கிறாள். வரி வாங்கும்போது லயம் கண்ணுக்குத் தெரிகிறது. செலவு செய்யும்போது மட்டும் மூடுபனி மறைத்துவிடுகிறதா? நாட்டிலே நூற்றுக்கு 14.3 பேர் வறியவர் என்றும், தோட்டத் துறையிலே நூற்றுக்கு 33.8 பேர் வறியவர் என்றும் 2019 ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கெடுப்பே சொல்லிற்று. அது பஞ்சத்துக்கு முந்திய கணக்கு. மேலும், வெலிமடையிலும் ஊவாப் பரணகமையிலும் போஞ்சியும் உருளைக்கிழங்கும் விளைவிக்கும் நம் விவசாய வாசகர்களைக் கேட்கிறோம்: தோட்டப் பாதை உடைந்தால் உங்கள் மூட்டை எவ்வழியாய்ச் சந்தைக்குப் போகும்? தோட்டத்து வடிகான் அடைந்தால் அதன் தண்ணீர் எவர் வயலில் இறங்கும்? மழைக்கு எல்லைக்கல் தெரியாது.

பிற நாட்டிலும் சபைகள் வறுமைப்படுகின்றன. இங்கிலாந்திலே 2018 இல் நோர்தாம்ப்டன்சயர் மாவட்ட சபையும், 2023 செப்டெம்பரில் பர்மிங்காம் மாநகர சபையும் கையிருப்பு முடிந்ததென்று அறிவித்தன. அங்கே சட்டம் ஒரு கோடு கீறியிருக்கிறது: அறிவித்தல் வந்த நாளிலிருந்து புதுச் செலவு நிற்கும், ஆனால் ஆதரவற்ற குழந்தையையும் இயலாத முதியோரையும் பார்க்கும் சட்டக் கடமை நிற்காது. பர்மிங்காமிலும் நூலகங்களையும் இளைஞர் நிலையங்களையும் வெட்டத் துணிந்தார்கள். அவ்வூரார் எதிர்த்து நின்றார்கள். அதை நாம் புகழவில்லை. எதை வெட்டக் கூடாது என்பது அங்கே எழுத்தில் இருக்கிறது என்பதையே சுட்டுகிறோம். அண்டையிலுள்ள கேரளத்திலே 1996 இல், மாநிலத் திட்டச் செலவில் நூற்றுக்கு 35 முதல் 40 வரை உள்ளூராட்சிகளுக்கு என்று ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடுவதென ஊர்க்கூட்டங்களில் பேசவைத்தார்கள். கேரளம் அன்று செல்வம் கொழித்த நாடன்று.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 2012 தொகைமதிப்பின்படி பதுளை மாவட்டத்தின் எட்டு இலட்சத்துப் பதினையாயிரம் மக்களில் ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் பேர் இந்தியத் தமிழராகப் பதிவானவர்கள். மாவட்டத்தில் இரண்டு மாநகர சபை, ஒரு நகர சபை, பதினைந்து பிரதேச சபைகள். தமிழ் உறுப்பினர்கள் இல்லாமலில்லை. அவர்களுள் வரவு செலவுத் திட்டத்தைப் படித்துவிட்டுக் கை தூக்குபவர் எத்தனை பேர்? தலைமைக் காரியாலயத்திலிருந்து தொலைபேசி வந்தது, தூக்கினோம் என்பவர் எத்தனை பேர்? மே தினத்துக்குப் பேருந்து பிடிப்பதிலே காட்டும் திறமையில் பத்திலொரு பங்கை ஒரு பாதையைப் பதிவேட்டில் ஏற்றுவதிலே காட்டினால் நாம் இன்று இதை எழுதவேண்டியிராது. பட்டணத்தில் குடியேறிய நம் வழக்கறிஞரும் ஆசிரியரும் கணக்காளரும், லயத்தை விட்டு வெளியேறியதையே சாதனையாக எண்ணி, லயத்தின் கணக்கைப் பார்க்க மறந்தார்கள். சபையின் கணக்கு இரும்புத்திரைக்குள் இருப்பதன்று. 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் ஒரு தாளில் கேள்வி எழுதிக் கொடுத்தால் 14 வேலை நாளுக்குள் கொடுப்பதா மறுப்பதா என்று தீர்மானிக்கச் சபையைக் கட்டுகிறது.

ஆகவே நாம் கேட்பவை வானத்து நட்சத்திரங்களல்ல. பெருந்தொகை ஒதுக்கு என்றுகூட இவ்வாண்டு கேட்கவில்லை. தோட்டப் பாதைகளையும் நீர் ஊற்றுகளையும் மயானங்களையும் சபைப் பதிவேட்டிலே ஏற்றுங்கள் என்கிறோம். அதற்குப் பணம் வேண்டாம். ஒரு தீர்மானமும், அளவு நாடாவும், எழுதுநாளும் போதும். ஏறிய பின்னர் அவையும் ‘உள்ளது’ ஆகிவிடும். எவ்வளவு சிறிய பராமரிப்புப் பணமாயினும் அதில் அவற்றுக்கும் பங்கு வரும். இரண்டாவதாக, வெட்டு விழுந்தால் எந்த வட்டாரத்தில் எவ்வளவு விழுந்தது என்பதைச் சபை எழுத்தில் வெளியிட வேண்டும். அதைத் தமிழிலும் வெளியிட வேண்டும். தமிழும் இந்நாட்டின் நிர்வாக மொழி என்பது அரசியலமைப்பின் வார்த்தை, எவருடைய தயவுமன்று. மூன்றாவதாக, கம்பனிகள் கட்டும் குத்தகைப் பணத்தில் ஒரு பங்கு அந்தந்தப் பிரதேச சபைக்கு உரிமையாகப் போகச் சட்டம் செய்யப்பட வேண்டும். இது பாராளுமன்றத்து வேலை. நாளையே நடக்காது என்பது நமக்குத் தெரியும். ஆனால் மலையக உறுப்பினர் எவராவது இதைத் தனிநபர் பிரேரணையாகவேனும் கொண்டுவரலாம். மாகாண சபைத் தேர்தலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியதில்லை.

வருடாந்த வரவு செலவுத் திட்டத்தின் நகல், சபை கூடி வாக்களிக்குமுன் பொதுமக்கள் பார்வைக்குச் சபை அலுவலகத்தில் வைக்கப்படுகிறது. பசறை, லுணுகலை, ஹாலிஎல, அப்புத்தளை, பண்டாரவளை, ஹல்துமுல்ல ஆகிய இடங்களிலுள்ள நம் வாசகர்கள் அந்நாட்களில் இருவர் மூவராகச் சென்று நகலைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். படித்த இளைஞர் ஒருவரையும், பாதையை அறிந்த தோட்டத்துப் பெரியவர் ஒருவரையும் சேர்த்து அழைத்துச் செல்லுங்கள். தோட்டத்தின் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது, எந்தத் தலைப்பின் கீழ் வருகிறது, எதிரே எவ்வளவு தொகை என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லையானால், பாதைப் பதிவேட்டில் சேர்க்குமாறு அன்றே செயலாளரிடம் மனுக்கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள். மனு எழுதத் துணை வேண்டுவோருக்கு நாம் கட்டணமின்றி எழுதிக் கொடுக்கச் சித்தமாயிருக்கிறோம்.